நான்கு அங்குல மிஷின், ஐந்து அங்குல டிஸ்க்

கிரைண்டர் என்றதும் நம் வீடுகளில் தோசை மாவுதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது இன்னொரு கிரைண்டரைப் பற்றி. கையில் பிடித்து இரும்பை அறுப்பதற்கும், வெல்டிங் முடிச்சைத் தேய்ப்பதற்கும், கேட்டில் ஏறிய துருவை உரிப்பதற்கும் வைத்திருக்கிறோமே, அந்த ஆங்கிள் கிரைண்டர். ஜொகூர் பாருவின் தாமான் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஏதாவது ஒரு வாசலில் அதன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டுமே!

ஒரு காலத்தில் வெல்டிங் பட்டறைகளில் மட்டும் பார்த்த இந்த மிஷின், இன்று நூறு, நூற்றைம்பது வெள்ளிக்கு ஆன்லைனில் வாங்கினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கூடவே ஒரு கையேடும் வரும். அதை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கேட்டின் கீழ்ச் சட்டம் துருப்பிடித்து இற்றுப்போனது. அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். என்னிடம் இருந்தது 4 அங்குல மிஷின், அதாவது 100 மில்லிமீட்டர் டிஸ்க் மாட்டுவது. பாதி வேலையில் டிஸ்க் தேய்ந்து தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை மூடியாகிவிட்டது. ஸ்டோர் அறையில் தேடியபோது மச்சான் எப்போதோ விட்டுப்போன 5 அங்குல டிஸ்க் ஒன்று கிடைத்தது. மாட்டிப் பார்த்தேன், மிஷினின் பாதுகாப்பு மூடி இடித்தது. மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். டிஸ்க்கின் நடுத்துளையும் பெரிதாக இருந்தது, மாட்டினால் ஆடியது. நட்டை இறுக்கினால் நின்றுவிடும் என்று இறுக்கினேன். மிஷினைப் போட்டதும் கையெல்லாம் அதிர்ந்தது. சற்று அறுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சட்டத்தில் வைத்துச் சில நொடிகள்தான். 'டப்' என்று ஒரு சத்தம். டிஸ்க்கில் கால்வாசியைக் காணோம். என் மகளின் சைக்கிள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, கார் நிறுத்தும் இடத்தின் கூரைப் பலகையில் அந்தத் துண்டு செருகி நின்றது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை அவள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய் வந்தவர். கூரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கவர் எங்க தம்பி?"

அன்று மாலை அவரிடம் கற்றதையும், பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

துளையும் மூடியும்

4 அங்குல டிஸ்க்கின் நடுத்துளை 16 மில்லிமீட்டர். 5 அங்குலம், 7 அங்குலம், 9 அங்குலம் எல்லாவற்றுக்கும் துளை 22.23 மில்லிமீட்டர். டிஸ்க்கை நடுவில் நிறுத்துவது நட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு. அச்சில் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் வாஷரில் சிறிய மேடு ஒன்று உண்டு. டிஸ்க்கின் துளை அந்த மேட்டில் பொருந்தி உட்கார வேண்டும். நட்டு அழுத்திப் பிடிக்க மட்டுமே. 16 மில்லிமீட்டர் மேட்டில் 22 மில்லிமீட்டர் துளையை மாட்டினால் டிஸ்க் மூன்று மில்லிமீட்டர் வரை ஒருபக்கம் தள்ளி உட்காரும். நிமிடத்துக்கு 11,000 முறை சுற்றும் மிஷினில் மூன்று மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை. என் கை அதிர்ந்தது அதனால்தான்.

இதில் வேடிக்கை, வேகக் கணக்கில் பார்த்தால் அந்த 5 அங்குல டிஸ்க் என் மிஷினுக்குத் தாங்கக்கூடியதுதான். அதன் மேல் 12,200 சுற்று வரை என்று அச்சிட்டிருந்தது. என் மிஷின் 11,000. "வேகம் சரியா இருக்கே மாமா" என்று அப்போதும் வாதாடினேன். "அப்புறம் ஏன் கவரைக் கழட்டுன?" என்றார். மூடியைக் கழற்றினால்தான் ஒரு டிஸ்க் பொருந்தும் என்றால், அது அந்த மிஷினுக்கு உரியது அல்ல. மூடி இருந்திருந்தால் அந்தத் துண்டு அதில் மோதி நின்றிருக்கும், கூரைக்குப் போயிருக்காது.

இன்னொரு தவறையும் அவர்தான் காட்டினார். அறுபடும் சட்டத்துக்குக் கீழே நான் எதையும் முட்டுக் கொடுக்கவில்லை. பாதி அறுபட்டதும் சட்டம் தொய்ந்து, வெட்டுவாய் டிஸ்க்கைக் கவ்விவிட்டது. ஏற்கெனவே நடு தப்பி ஆடிக்கொண்டிருந்த டிஸ்க் அந்தப் பிடியில் உடைந்தது. துண்டாகிப் பிரியும் பக்கம் தானாக விலகி விழும்படி முட்டுக் கொடுத்துவிட்டு அறுப்பதுதான் முறை.

மணிக்கு 288 கிலோமீட்டர்

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான டிஸ்க்குகளில் '80 மீட்டர்/நொடி' என்று போட்டிருக்கும். டிஸ்க்கின் விளிம்பு அதற்கு மேல் வேகமாக ஓடக் கூடாது என்று பொருள். மணிக்கணக்கில் மாற்றினால் 288 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நமக்கு அனுமதித்திருக்கும் 110 கிலோமீட்டரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, அதே சுற்றில் விளிம்பு அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் 4 அங்குலத்துக்கு ஏறத்தாழ 15,300 சுற்று, 5 அங்குலத்துக்கு 12,200, 7 அங்குலத்துக்கு 8,500, 9 அங்குலத்துக்கு 6,600 என்று எல்லை குறைந்துகொண்டே போகிறது. பெரிய குழாயை அறுக்க எட்டவில்லை என்று சின்ன மிஷினில் 7 அங்குல டிஸ்க்கை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 11,000 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 104 மீட்டர் ஓடும். வேகம் 1.3 மடங்கு ஆனால், டிஸ்க்கைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை 1.7 மடங்கு ஆகிவிடும்.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கில் போட்டிருக்கும் சுற்று எண், உங்கள் மிஷின் தகட்டில் இருக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கிறதா என்பதைத்தான். துரு தேய்க்கும் கம்பி பிரஷ்ஷுக்கும் இதே கணக்குதான். அதிலும் எண் இருக்கும்.

'ஏ' என்றால் நம் குருந்தம்

டிஸ்க்கின் மேல் 'ஏ 60 டி பிஎஃப்' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். எனக்கு அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரிந்தது. முதல் எழுத்து, அறுக்கும் மணல் எது என்பது. 'ஏ' என்றால் அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு. 'சி' என்றால் சிலிக்கான் கார்பைடு, கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். அடுத்த எண் மணலின் பருமன். 24 என்றால் பொரபொரப்பு, 60 என்றால் நைஸ். அதற்கடுத்த எழுத்து டிஸ்க்கின் கடினம். 'பிஎஃப்' என்பது ரெசின் பசையில் பிடித்து, கண்ணாடி இழை வலை வைத்து வலுவாக்கியது என்பதற்கு.

அந்த 'ஏ'யைப் பற்றித் தேடியபோது ஒரு வியப்பு. அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் கிடைக்கும்போது அதற்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். மாணிக்கமும் நீலமும் அதே கனிமம்தான். அகராதிகள் அந்தச் சொல்லுக்கு மூலமாகக் காட்டுவது தமிழின் 'குருந்தம்'. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் குருந்தக் கல் கிடைப்பது நிலவியலாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கான் கார்பைடைச் செய்தபோது, அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தவறாக நினைத்து, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். நம் சொல் அங்கேயும் ஒட்டிக்கொண்டது. 1954-இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் சேர்ந்து சென்னையில் அரைசக்கரத் தொழிலைத் தொடங்கியபோது வைத்த பெயர் கார்போரண்டம் யுனிவர்சல். அதே 1954-இல்தான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பகுதி நிறுவனம் ஒன்று ஃபிளெக்ஸ் என்ற பெயரில் ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. ஜெர்மானியர்கள் இன்றும் இந்த மிஷினை 'ஃபிளெக்ஸ்' என்றே அழைக்கிறார்கள்.

இன்றைய டிஸ்க்குகளில் இருப்பது வெட்டியெடுத்த குருந்தம் அல்ல, பாக்சைட்டை மின்உலையில் உருக்கிச் செய்தது. நம் ஜொகூரின் தெலுக் ராமுனியாவிலும் ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டினார்கள்.

சரி, கடைக்குத் திரும்புவோம். எவர்சில்வர் வேலைக்கு 'ஐனாக்ஸ்' என்று எழுதிய டிஸ்க் வேண்டும். சாதா இரும்பை அறுத்த டிஸ்க்கை எவர்சில்வர் கைப்பிடியில் வைத்தால் இரும்புத் துகள் அதில் பதிந்து, சில வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். அலுமினியத்துக்கும் தனி டிஸ்க் உண்டு. சாதா டிஸ்க்கில் அலுமினியம் அப்பிக்கொண்டு, அறுபடாமல் சூடேறும். டைல்ஸுக்கு வைர டிஸ்க். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். வீட்டுக்குள் உலர அறுக்காதீர்கள். மரத்துக்கு? பல் வைத்த ரம்ப வட்டை இந்த மிஷினில் மாட்டவே கூடாது. மரத்தில் கவ்வினால் மிஷின் உங்கள் பக்கமே எகிறும். மலிவாக விற்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: ஒரு மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க்கால் அறுத்துவிட்டு, அதன் பக்கவாட்டாலேயே பிசிரைத் தேய்ப்பது. மெல்லிய டிஸ்க் விளிம்பில் வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் உடையும். தேய்ப்பதற்கு ஆறு மில்லிமீட்டர் தடித்த கிரைண்டிங் டிஸ்க் இருக்கிறது. கேட்டின் துருவுக்கு, உப்புத்தாள் மடிப்புகளை அடுக்கினாற்போன்ற ஃபிளாப் டிஸ்க் இன்னும் நல்லது. மாற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆகும்.

வளையத்தில் ஒரு தேதி

மாமா என்னிடம் காட்டிய கடைசி விஷயம்தான் எனக்குச் சுத்தமாகத் தெரியாதது. டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும், முன்னால் 'வி' என்ற எழுத்தோடு. அது காலாவதித் தேதி. ரெசின் பசை காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல வாங்கி வலுவிழக்கும். ஐரோப்பிய தரவிதி தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் ஊர் ஈரத்தில், வெயிலில் வேகும் கார் பூட்டில், டிஸ்க்குகளைக் கொட்டி வைப்பவர்கள் யோசிக்க வேண்டும். மூடி போட்ட டப்பாவில், படுக்கை வசமாக வையுங்கள்.

அந்தக் காலத்தில் பானை வாங்கினால் விரலால் தட்டி, கணீரென்று கேட்டால்தான் எடுப்பார்கள். மேசையில் நிற்கும் கிரைண்டரின் தடித்த கற்சக்கரத்துக்கும் அதே சோதனை உண்டு. ஆனால் கையில் பிடிக்கும் மெல்லிய டிஸ்க்கில் அந்த ஓசை வராது. விளிம்பில் சிதைவு, கீறல், வளைவு இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். கீழே விழுந்த டிஸ்க் குப்பைக்கு.

மாட்டும்போது முதலில் பிளக்கை உருவுங்கள். நட்டைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மேடு. மெல்லிய டிஸ்க்குக்குத் தட்டைப் பக்கம் உள்ளே. நடு குழிந்த தடித்த டிஸ்க்குக்கு மேடு உள்ளே. சந்தேகம் என்றால் கையேட்டில் படம் இருக்கும். கூட வந்த ஸ்பேனரால் இறுக்கினால் போதும், சுத்தியல் வேண்டாம். கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு டிஸ்க்கின் நேர்கோட்டிலிருந்து விலகி நின்று, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். அதிர்ந்தால் நிறுத்துங்கள். கையில் கோயில் கயிறு, கழுத்தில் சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள் அல்லது சட்டைக்குள் விடுங்கள்.

கண்ணாடி போட்டால் போதும் என்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடியின் சட்டத்தில் 'எஃப்' என்று இருந்தால் அது தாங்குவது சோதனையில் நொடிக்கு 45 மீட்டரில் வரும் சிறு குண்டு. டிஸ்க்கின் விளிம்போ 80 மீட்டர் வரை ஓடுகிறது. முகத்தை முழுக்க மறைக்கும் தடுப்பையும் மேலே போட வேண்டும்.

2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறையும் பாதுகாப்புக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். வீட்டு வாசலில் கேட் அறுக்கும் அப்பாவை அப்படிக் கவனிக்க ஆள் இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

போன தீபாவளிக்கு முன் மாமா ஒரு டிஸ்க் கடன் கேட்டு வந்தார். என் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து வளையத்தைப் பார்த்தார். "இது ஜூலையோட முடிஞ்சிருச்சு தம்பி" என்று ஒன்றைத் தனியே எடுத்தார். என்னிடமிருந்து இடுக்கியை வாங்கி, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி அதை நான்காக ஒடித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனார்.