தோட்டப் பங்களா

தோட்டப் பங்களா என்பது தேயிலை, காப்பி முதலிய மலைத்தோட்டங்களில், தோட்ட மேலாளர்கள் குடியிருப்பதற்காக ஐரோப்பியப் பாணியில் கட்டப்பட்ட வீடு ஆகும். இது துரை பங்களா என்றும் அழைக்கப்படுகிறது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இவ்வகை வீடுகள் பல கட்டப்பட்டன. அவற்றுள் சில இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் சிறு விடுதிகளாக இயங்குகின்றன. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை.

பெயர்

பங்களா என்னும் சொல் வங்காளம் என்பதன் அடியாகப் பிறந்தது. வங்காளத்தில் வழக்கிலிருந்த ஒற்றைத்தள வீட்டைக் குறித்த இச்சொல்லை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். எனவே ஐரோப்பிய வீடு என்று கருதப்படும் பங்களாவின் பெயரும், தாழ்வாரம் சூழ்ந்த அதன் அடிப்படை வடிவமும் இந்தியாவைச் சேர்ந்தவையாகும். தோட்டங்களில் மேலாளர் பெரியதுரை என்றும், உதவி மேலாளர் சின்னதுரை என்றும் அழைக்கப்பட்டனர். அதனால் அவர்களது வீடு துரை பங்களா ஆயிற்று.

அமைப்பு

பங்களா பொதுவாகத் தோட்டத்தையும் தேயிலைத் தொழிற்சாலையையும் பார்க்கக்கூடிய மேட்டில் அமைந்திருக்கும். மழை வழிந்தோடுவதற்காகக் கூரை சரிவாக இருக்கும். கூரைக்கு ஓடு அல்லது தகரம் பயன்படுத்தப்பட்டது. முகப்பில் நீண்ட தாழ்வாரமும், உள்ளே மரத்தளம், கண்ணாடிச் சன்னல்கள், குளிர்காயும் கணப்பு, அதற்கான புகைபோக்கி ஆகியவையும் இருக்கும். புகையையும் தீ விபத்தையும் தவிர்க்கச் சமையற்கட்டு பல இடங்களில் தனிக் கட்டடமாக அமைக்கப்பட்டது. சமையற்காரர், பட்லர், தோட்டக்காரர், காவலாளி ஆகியோர் அங்குப் பணிபுரிந்தனர்.

பங்களாவுக்குத் தொலைவில், தொழிலாளர்களின் வீடுகள் வரிசையாக ஒரே கூரையின்கீழ் கட்டப்பட்டன. இவை தமிழ்நாட்டில் லைன் வீடுகள் என்றும், இலங்கையில் லயம் என்றும் வழங்கப்படுகின்றன. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதினம் தோட்டத் தொழிலாளர் வாழ்வை விவரிக்கிறது. இது எரியும் பனிக்காடு என்ற பெயரில் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

விடுதிகளாக மாற்றம்

அறைகள் குறைவாகவும், ஒவ்வோர் அறையும் தனித்தன்மையுடனும் அமைந்த சிறு விடுதிகள் பூட்டிக் விடுதிகள் எனப்படுகின்றன. பூட்டிக் என்பது சிறு கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1984இல் நியூயார்க் நகரில் திறக்கப்பட்ட மோர்கன்ஸ் விடுதியை ஒட்டி இப்பெயர் பரவியது. பெருநகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம், பழைய வீடுகளைப் புதுப்பித்து விருந்தினருக்குத் திறப்பதற்கும் வழிவகுத்தது. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் இத்தகைய விடுதிகளைக் காணலாம்.

மலைத்தோட்டங்களில் இதற்குப் பங்களாக்கள் பொருத்தமாக அமைந்தன. இலங்கையில் அட்டன் நகரை அடுத்த தோட்டப் பங்களாக்கள் சில 2005 முதல் ஒரே நிருவாகத்தின்கீழ் விடுதிகளாக நடத்தப்படுகின்றன. தமிழ்நாட்டின் வால்பாறையிலும், கருநாடகத்தின் குடகிலும் இவ்வாறான பங்களாக்கள் உள்ளன. விருந்தினர் தாழ்வாரத்தில் தேநீர் அருந்துதல், தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தல், பட்லர் பரிமாறும் உணவை உண்ணுதல் என, துரைமாரின் அன்றாட வாழ்வே இங்குச் சுற்றுலாவாக வழங்கப்படுகிறது. அவ்வாழ்வைத் தாங்கிய லைன் வீடுகள் பெரும்பாலும் இதில் இடம்பெறுவதில்லை.

மாஞ்சோலை

மாஞ்சோலை, அம்பாசமுத்திரம் வட்டத்தில் மணிமுத்தாறு அணைக்கு மேலே அமைந்துள்ளது. 1929இல் சிங்கம்பட்டி சமீன் 8,373 ஏக்கர் காட்டு நிலத்தைப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கியது. அங்கு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய குடியிருப்புகள் உருவாயின. இவை ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயரத்தில் உள்ளன. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் அடங்கும்.

சமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடைமையாயிற்று. எனினும் குத்தகை தொடர்ந்தது. 1988இல் இப்பகுதியை உள்ளடக்கிய களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. காப்பகத்தின் நடுவே குத்தகை நிலமாக இருந்தமையால், மாஞ்சோலையின் பங்களாக்கள் பிற இடங்களைப் போல வணிக விடுதிகள் ஆகவில்லை. இப்பகுதிக்குள் செல்லச் சுற்றுலாப் பயணிகள் வனத்துறையின் அனுமதி பெற வேண்டும்.

தங்கும் உரிமை

தோட்டத்தில் பங்களா, லைன் வீடு ஆகிய இரண்டுமே வேலையோடு பிணைந்தவை. தொழிலாளருக்கு வீடு வழங்குவதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அவ்வீடு தொழிலாளருக்குச் சொந்தமாகவில்லை. ஓய்வுபெறும் துரை தம் ஊருக்குத் திரும்பிவிடலாம். தலைமுறைகளாக மலையிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கோ வேலை முடிந்தால் திரும்பிச்செல்ல ஊர் இருப்பதில்லை. எனவே வேலைநீக்கம் என்பது வீட்டிழப்பும் ஆகிறது.

ஊதிய உயர்வு கோரியும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் சூலை 23, 1999 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் நடைபெற்றது. காவல்துறையினர் தடியடி நடத்தியபோது தாமிரபரணி ஆற்றில் ஒரு குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தனர்.

குத்தகை 2028இல் முடிவடைகிறது. அதற்கு முன்னரே, 2024இல் நிறுவனம் தோட்டத்தை விட்டு வெளியேற முடிவுசெய்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதனால் பாதிக்கப்பட்டன. ஓய்வுத்தொகையில் ஒரு பகுதி, வீட்டைக் காலி செய்த பின்னரே கிடைக்கும் என்பது திட்டத்தின் நிபந்தனையாகும். தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 திசம்பரில் ஏற்கவில்லை. தொழிலாளர்களுக்கு மறுவாழ்வு அளிக்குமாறு அது அரசுக்கு உத்தரவிட்டது.

தோட்டம் மீண்டும் காடாவது சூழலியல் நோக்கில் பெரும் பயன் தரும். சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிரினங்கள் இம்மலைக் காடுகளில் வாழ்கின்றன. தாமிரபரணிக்கும் அதன் துணையாறுகளுக்கும் இக்காடுகளே நீர் தருகின்றன. தோட்டப் பங்களா பிற மலைகளில் மரபுச் சின்னமாகப் பேணப்படுகிறது. மாஞ்சோலையிலோ காட்டைக் காப்பதும், அங்கு நான்கு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு நிலையான வீடு கிடைப்பதும் ஒருங்கே தீர்வு காணப்பட வேண்டியவையாக உள்ளன.