சூழ்வதும் அடைப்பதும் ஒன்றா?

தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய ஒரு வருஷம். ஆற்றோரத்தில் தனியாக இருந்த சின்னம்மாவைக் கூட்டிவர, லீவு கேட்டு மெயில் எழுத உட்கார்ந்தேன். "வெள்ளம் வீட்டைச் சூழ்ந்துடுச்சு" என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்? சரவுண்ட், என்க்ளோஸ், பிசீஜ் எல்லாமே நமக்குச் 'சூழ்'தான். அவசரத்தில் சரவுண்ட் என்று போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன்.

சரவுண்டின் வேர் லத்தீன். 'மேலே', 'அலை' என்ற இரண்டும் சேர்ந்தது. கரைபுரண்டு வழிவதுதான் அதன் முதல் பொருள்! ரவுண்ட் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போனதால் பின்னாளில் 'சுற்றி நிற்பது' ஆகிவிட்டது. மரம் சூழ்ந்த வீட்டுக்கும் போடலாம், போலீஸ் சூழ்ந்த வீட்டுக்கும் போடலாம்.

என்க்ளோஸ் என்றால் ஒரு நோக்கத்தோடு அடைப்பது. இங்கிலாந்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைச் சட்டம் போட்டுத் தனியார் வேலிக்குள் கொண்டுபோனார்களே, அதற்கும் இந்தச் சொல்தான். உள்ளே இருப்பவனுக்குப் பாதுகாப்பு, வெளியே நிற்பவனுக்கு இழப்பு.

ஃபென்ஸ் என்பது டிஃபென்ஸின் தலை வெட்டிய வடிவம். அதாவது காவல். "வேலியே பயிரை மேய்ஞ்ச கதை" என்று நாம் சொல்லும்போதும் வேலி காவல்காரன்தானே?

ஹெட்ஜ் என்பது உயிர்வேலி, நம்ம ஊர் நொச்சி வேலி மாதிரி. புறப்பொருள் வெண்பாமாலையில் மதிலை முற்றுகையிடுபவர் சூடுவது உழிஞை. உள்ளிருந்து காப்பவர் சூடுவது நொச்சி. வயலைக் காக்கும் செடியே கோட்டையைக் காப்பவனுக்கும் பூ.

டவுன் என்ற சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் வேலியடைத்த இடம் என்றே பொருள். நம்ம 'பட்டி'யும் அப்படித்தான். ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டி, ஊர்ப்பெயரின் வாலும் பட்டி.

கடைசியாக பிசீஜ். அதற்குள் இருக்கும் சீஜ், பழைய பிரெஞ்சில் 'இருக்கை'. கோட்டை வாசலில் படை வந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே இருப்பவர் பணியும்வரை எழுந்து போகாது. இந்தச் சொல்லுக்கு எதிரி ஒருவன் வேண்டும்.

ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சூழ்வது எது, எதற்காக, உள்ளே இருப்பவருக்கு அது காவலா சிறையா?

அன்று சின்னம்மா போனில் சொன்னது இது: "ஆறு வந்து வாசல்ல உக்காந்துக்கிச்சுப்பா, எந்திரிச்சுப் போவமாட்டேங்குது."

நான் சரவுண்ட் என்று எழுதியது தப்பில்லை. ஆனால் அவர் சொன்னது பிசீஜ்.