எச்சத்தில் கிடப்பது

‘கீழ்க்காணும் பத்தியைப் படித்து மையக்கருத்தை எழுதுக, அதற்கு ஆதாரமான வரிகளைச் சுட்டுக.’ பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட்ட இந்தப் பயிற்சியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நம் வட்டாரத்தில் ‘மையம்’ என்ற சொல்லைக் கேட்டவுடனே அதைக் கலைத்துப்போடக் கை பரபரக்கும். விளிம்பு, மௌனம், பிரதியின் இடைவெளி என்று போய்விடுவோம். போகலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பிரதி எதைச் சொல்ல வந்தது என்று தெரியாமல், எதைச் சொல்லாமல் விட்டது என்று மட்டும் எப்படிச் சொல்வது?

பாடப்புத்தகம் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: முதல் வாக்கியத்தைப் பார், இல்லாவிட்டால் கடைசி வாக்கியத்தைப் பார். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியிலிருந்து வந்த வழி இது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வந்து உட்காரும். அதற்கு முன்னால் வினையெச்சமும் பெயரெச்சமுமாக ஒரு பெரிய ஊர்வலமே போகும். பழைய உரைகாரர்கள் செய்த முதல் வேலை, எது முற்று, எந்த எச்சம் எதைக் கொண்டு முடிகிறது என்று பார்ப்பது. கொண்டுகூட்டிப் பார்ப்பது என்றார்கள். மையக்கருத்தைத் தேட அதைவிடக் கூர்மையான கருவி நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

திருக்கோவிலூரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் (985–1014) கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாட்டாக எழுதப்பட்டது. ‘கபிலர் இங்கேதான் தீப்பாய்ந்தார், கல்வெட்டே சொல்கிறது’ என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்தில் பெண்ணையாற்றுக்குள் நிற்கிற பாறையைக் கபிலர் குன்று என்று காட்டவும் செய்வார்கள். சரி, கல்வெட்டு என்ன ‘சொல்கிறது’?

அதன் மையம் ஒரு கொடை. கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்யத்தான் அந்தக் கல் வெட்டப்பட்டது. கொடைக்கு முன்னால் அரசன் வருகிறான். அவனைப் பெற்றவள் மலையமான் குடியில் பிறந்தவள் என்று வருகிறது. பாலுண்ணும் பிள்ளையை விட்டுவிட்டுக் கணவனோடு எரிபுகுந்தவள் அவள், வானவன்மாதேவி. பிறகு கோயில் இருக்கிற இடத்தின் வருணனை. பாரி அடைக்கலமாக விட்ட பெண்ணை மலையருக்குக் கொடுத்து, வீடுபேற்றை எண்ணிக் கபிலன் தீப்புகுந்த கல் அந்த வருணனைக்குள்தான் வருகிறது. எச்சங்களாக அடுக்கிக்கொண்டு போய்க் ‘கபிலக்கல்’ என்ற பெயரில் முடிகிறது. நாம் தபாலில் ‘பெரிய ஆலமரத்துக்கு எதிரே’ என்று எழுதுகிறோமே, ஏறக்குறைய அந்த இடம்.

இதனால் அந்த வரிகளுக்கு மதிப்பில்லை என்று ஆகாது. எதற்குச் சான்று என்பதுதான் மாறுகிறது. முற்றுவினையில் இருப்பதைப் பிரதி வாதிக்கிறது, பதிகிறது, நிலைநாட்டுகிறது. பெயரெச்சத்தில் இருப்பதை அது வாதிக்கவில்லை. கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்தது என்று வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. ஆகவே, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஒரு கல்லைக் காட்டிக் கபிலர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இந்தக் கல்வெட்டு அசைக்க முடியாத சான்று. அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய கபிலர் உண்மையில் எப்படி இறந்தார் என்பதற்கு மிக மெலிந்த சான்று. இரண்டையும் ஒன்றாக்கித்தான் மேடைகளில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

புறநானூற்றுக்குப் போனால் சிக்கல் இன்னும் ருசியானது. 236ஆம் பாட்டில் கபிலர் பாரியிடம் குறைபட்டுக்கொள்கிறார்: என்னை உன்னோடு வரவிடாமல் நிற்கச் சொன்னாய், மறுமையிலும் நாம் சேர்ந்திருக்க விதி கூட்டட்டும். பாட்டு அவ்வளவுதான். தீ இல்லை, வடக்கிருத்தலும் இல்லை. வடக்கிருந்தார் என்று சொல்வது பாட்டின் கீழே இருக்கிற குறிப்பு. பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது. பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தார் என்பதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. கல்வெட்டோ மலையருக்குக் கொடுத்தார் என்கிறது. அதுவும் பெண் என்று ஒருமையில். 1894இல் உ.வே.சா. புறநானூற்றை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து நாம் பாட்டையும் குறிப்பையும் ஒரே பக்கத்தில் சேர்த்தே படித்து வருகிறோம். கண் இரண்டையும் ஒரே குரலாக எடுத்துக்கொள்கிறது. ‘புறநானூறு சொல்கிறது’ என்று எழுதுகிற தோழர்கள், சொல்வது பாட்டா குறிப்பா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினால் பாதிச் சண்டை குறையும்.

என் ஊகம் ஒன்றையும் சொல்லி வைக்கிறேன்; ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்வெட்டில் இரண்டு பேர் தீப்புகுகிறார்கள், இராசராசனின் தாயும் கபிலரும். இருவருமே மலையமான் குடியோடு தொடர்புபடுத்தப்படுகிறார்கள். அரசியின் தீயை மேன்மையாக்குகிற அதே வாய் கபிலருக்கும் தீயைக் கொடுத்திருக்கலாம். சங்ககாலத்தில் தீப்பாய்தல் இல்லையென்று நான் சொல்லவரவில்லை. பூதப்பாண்டியன் தேவியின் 246ஆம் பாட்டு இருக்கவே இருக்கிறது. ஆனால் கபிலர் விஷயத்தில் குறிப்பு ஒன்று சொல்ல, கல்வெட்டு இன்னொன்று சொல்லும்போது, அந்தக் கல்வெட்டின் மற்ற வரிகள் எதை விரும்புகின்றன என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தப் பிரதிகளில் பாரி மகளிர் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமையில்தான் இருக்கிறார்கள். கொண்டுபோகிறார், கொடுக்கிறார், ஒப்படைக்கிறார். 200, 201ஆம் பாட்டுகளில் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார். அவர்கள் எழுவாயாக நின்று பேசுவது 112ஆம் பாட்டு ஒன்றில் மட்டும். அதில் கல்யாணப் பேச்சே கிடையாது. போன மாத நிலவில் இருந்த அப்பாவும் குன்றும் இந்த மாத நிலவில் இல்லை என்கிற கணக்குதான். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள்கூடப் பிற்காலக் கதை வழக்கிலிருந்து வந்தவை. பெண்ணிய வாசிப்பு என்று இதற்குப் பெரிய பெயர் வைக்கலாம். வேற்றுமை உருபைப் பார்த்தாலே போதும் என்பது என் கட்சி.

இந்தக் கண்ணோடு கல்லிலிருந்து காகிதத்துக்கு வாருங்கள். ‘அரசுப் புறம்போக்கை ஆக்கிரமித்துள்ள நீங்கள் இத்தனை நாட்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். மையக்கருத்து: அகற்ற வேண்டும். சனங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, ‘சாமி, இன்னும் ரெண்டு மாசம் டைம் குடுங்க’ என்று மனுப் போடுகிறார்கள். அந்த மனுவை எழுதிக்கொடுப்பவர் பல நேரம் நம்மில் ஒருவர்தான். ‘ஆக்கிரமித்துள்ள’ என்ற பெயரெச்சம் அப்படியே தாண்டிப் போய்விடுகிறது. வாதிடப்பட வேண்டிய ஒன்றே ஒன்று, தெரிந்த விஷயம்போல அங்கே உட்கார்ந்திருக்கிறது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே, அகற்றுவதற்கு முன்னால் காரணம் கேட்டு அறிவிப்புத் தரச் சொல்கிறது. பதில் சொல்ல வேண்டியது அந்த எச்சத்துக்குத்தான். அவகாசம் மட்டும் கேட்டு எழுதுகிற மனு, ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதாகவே வாசிக்கப்படும்.

நாமே எழுதும்போது இதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இங்கிருந்து மேற்கே கல்வராயன் மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடியினர் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்கு உரிமை கோரலாம். மனு எழுத உட்கார்ந்தால் முதல் பக்கம் பூராவும் வறுமை, பாதை இல்லாமை, புறக்கணிப்பு என்று போகும். எல்லாம் உண்மை; ஆனால் சட்டம் அந்த இடத்தில் கேட்கிற கேள்விக்கு அவை சான்றாகாது. கேள்வி ஒன்றுதான்: 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து இந்த நிலம் உங்கள் கையில் இருக்கிறதா? முற்றுவினை ‘உழுதுவருகிறோம்’ என்று இருக்க வேண்டும். மற்ற வரிகள் அதன்மேல் சாய்ந்து நிற்க வேண்டும். 2008 விதிகளின் 13ஆம் விதி எவையெல்லாம் சான்று என்று பட்டியலிடுகிறது. ரேஷன் கார்டு, வரி ரசீது மட்டுமல்ல. குடிசை, நிலத்தைச் சமன்படுத்தியது, கட்டிய வரப்பு எல்லாம் சான்று. ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியும் இருக்கிறது. எழுத்தில் பதிந்து கொடுக்க வேண்டும். ஆனால் சொல்கிறவர் உரிமை கோருபவராக இருக்கக் கூடாது. அப்பாவின் நிலத்துக்கு மகன் மனுப் போட்டால், பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து, இந்த வரப்பை எந்த வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு போட்டார்கள், கல் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எழுதிக்கொள்கிறவர் அதை ‘நீண்ட காலமாக அனுபவித்துவரும்’ என்று ஒரு பெயரெச்சமாகச் சுருக்கிவிடாமல், அவர் சொன்ன வருஷத்தோடும் ஓடையின் பேரோடும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.