வாக்கு என்பது யாது?

சங்கத் தேர்தல் நெருங்கும் நாட்களில் செந்துறைப் பக்கத்துத் தறி வீடுகளிலும் முந்திரித் தோப்புகளிலும் ‘ஓட்டு’ என்னும் சொல் ஓயாது காதில் விழும். மேடையில் பேசுவோர் அதனையே ‘வாக்கு’ என்பர். ஒரே பொருளைக் குறிக்கும் இவ்விரு சொற்களும் எங்கிருந்து வந்தன, அவற்றின் உட்பொருள் யாது என்பவற்றை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம். சொல்லின் பொருள் விளங்கினால் செயலின் மதிப்பும் விளங்கும்.

‘ஓட்டு’ என்பது தமிழ்ச் சொல் போலத் தோன்றினும் தமிழன்று. ஏர் ஓட்டுதலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘வோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே மக்கள் நாவில் இவ்வாறு உருமாறிற்று. வகர மெய்யானது உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிர்களோடு கூடிச் சொல்லின் முதலில் வாராது என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. இலக்கணம் கல்லாதவரும் அம்மரபைத் தம் நாவினாலேயே காத்தனர், வோட்டு ஓட்டாயிற்று. ஆங்கிலச் சொல்லோ ‘வோட்டும்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தெய்வத்தின் முன் நேர்ந்துகொள்ளுதல், உள்ளத்து விருப்பம் என்பன அதன் பொருள்கள்.

‘வாக்கு’ வடமொழியிலிருந்து வந்தது. பேச்சு என்பது அதன் முதற்பொருள். நாளடைவில் கொடுத்த சொல், உறுதிமொழி என்னும் பொருள்களும் அதற்கு ஏற்பட்டன. ‘அவர் வாக்களித்தார்’ என்று நாம் கூறும்போது, உறுதி கூறினார் என்றும் பொருள்படும். தேர்தலில் தம் கருத்தைத் தெரிவித்தார் என்றும் பொருள்படும். இரு வேறு மொழிகளில் தோன்றிய இரு சொற்களும் நேர்ந்துகொண்ட உறுதி, கொடுத்த சொல் என்னும் ஒரே கருத்தில் வந்து பொருந்துவதைக் காண்க.

நம் நாட்டின் பழந்தேர்தல் முறை எனக் குடவோலையைப் பலரும் எடுத்துக்காட்டுவர். கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்த இராசேந்திரனின் முன்னோனான முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அதனை விரிவாகக் கூறுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். ஆதலின் அது திருவுளச் சீட்டேயன்றி வாக்களிப்பன்று. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே அச்சபையில் இடமிருந்தது. உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் இல்லை. ஆயினும் அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் ஆயினர்.

உழைப்பவர்க்கு வாக்கு எளிதில் வந்ததன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் சிலரும் பிற தொழிலாளரும் கூடி 1844 ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை அக்காலத்து அந்நாட்டுத் தொழிலாளருள் மிகப் பலர்க்கு இல்லை. எனினும் தம் சங்கத்தில், பங்கு எத்தனை இருப்பினும் ஒருவர்க்கு ஒரே வாக்கு என்னும் நெறியை அவர்கள் கைக்கொண்டனர். நம் நாட்டிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி முதலியவற்றைக் கொண்டே வாக்குரிமை அளக்கப்பட்டது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பே 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. 1989 இல் அவ்வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

நூலுக்குக் கடன்பட்டிருக்கும் நெசவாளியும், நான்கு தறிகள் உடையவரும் சங்கத்தில் சமமாக அமர்வது இவ்வொரு வாக்கினாலேயாம். அதனைப் பணத்திற்கோ, உறவு முறைக்கோ, ஒரு வேளை விருந்திற்கோ கொடுத்துவிட்டால், பின்பு கூலி குறையும்போதும் கடன் மறுக்கப்படும்போதும் கேட்பதற்கு நம்மிடம் சொல் ஏது?

வேட்பாளர் நமக்கு வாக்குறுதி தருகிறார். நாம் அவர்க்கு வாக்குத் தருகிறோம். இருபுறமும் கைமாறுவது சொல்லே. வேட்டல் என்பதற்கு விரும்புதல் என்பது பொருள். பதவியை விரும்புகிறவர் வேட்பாளர். அவர் விருப்பம் எதன்பொருட்டு என்று ஆராய்தல் நம் கடமை. ஆதலின், அன்பர்களே, அடுத்த பேரவைக் கூட்டத்திற்குத் தவறாது வாருங்கள். கணக்கைக் கேட்டபின் வாக்கைக் கொடுங்கள். கொடுத்த சொல்லைக் காப்பது நம் குடிப்பண்பு. தகுதியறிந்து சொல்லைக் கொடுப்பதும் அதுவேயாகும்.