கால் கண்டுபிடிக்கும் கோளாறு

பிரேக் சரியில்லை என்றதும் பலர் ஸ்பேனரைத் தேடுகிறார்கள். அதற்கு முன் வண்டியை நிறுத்திவைத்து பெடலை நிதானமாக மிதித்துப் பாருங்கள். பாதிக் கோளாறு காலுக்கே தெரிந்துவிடும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. திரவம் எளிதில் சுருங்காது. ஓரிடத்தில் தந்த அழுத்தம் மற்ற எல்லா இடத்திலும் அப்படியே வெளிப்படும். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன இந்த விதிதான் நான்கு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. ஆனால் காற்று சுருங்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் நம் கால் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் அடித்த பிறகு பிடித்தால், ஏர் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மிதித்த காலை எடுக்காமல் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்குகிறதா? பிரேக் ஆயில் டப்பாவில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தென்படலாம். குறையாமலே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பெடல் இறுகி மிதிக்கவே முடியவில்லை என்றால் ஆயிலை விட்டுவிட்டு, கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைப் பாருங்கள். என்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கோளாறு பூஸ்டரிலோ அதற்கு வரும் வேக்குவம் குழாயிலோதான்.

ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் இறுகியே இருக்கும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரைக் குறை சொல்லி மாற்றிவிடுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருந்தால், மிதிக்கும் அழுத்தம் போகும், திரும்பி வராது. அந்தச் சக்கரத்தில் ஏர் எடுப்பதற்கான நிப்பிளைச் சற்றுத் திறந்து பாருங்கள். சக்கரம் விடுபட்டால் ஹோஸைச் சந்தேகியுங்கள். விடுபடாவிட்டால் காலிப்பர்தான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. துளி என்ஜின் ஆயில் கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடியது ஏர் எடுக்கும் வேலை. வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக் கூடாது; ஸ்டாண்ட் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். நிப்பிளில் நிறமில்லாத குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் அமிழ்த்துங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். குமிழியும் கறுத்த ஆயிலும் வெளியேறும். நிப்பிளை மூடிய பிறகே கால் மேலே வரலாம். அவசரப்பட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். பெயின்ட்மீது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையேல் பெயின்ட் உரியும்.

ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டாலோ, மாஸ்டர் சிலிண்டரைப் பிரிக்க வேண்டியிருந்தாலோ மெக்கானிக்கிடம் விடுவதே புத்திசாலித்தனம். வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உறுதியாக நிற்காத வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.