நான்காம் வரியில் இருந்த தம்பி

ரோம் நகரின் பழைய மன்றவெளியில் செப்டிமியஸ் செவரஸ் வளைவு நிற்கிறது. பேரரசரும் அவருடைய இரு மகன்களும் பார்த்தியரை வென்றதைப் போற்றி கி.பி. 203இல் எழுப்பியது. உச்சியில் இரண்டு பக்கமும் ஒரே கல்வெட்டு. கூர்ந்து பார்த்தால் நான்காம் வரி மட்டும் கல்லில் சற்று உள்வாங்கியிருக்கும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ரோமானியக் கல்வெட்டில் முழுச் சொற்களைவிடச் சுருக்கங்களே அதிகம். 'இம்ப்' என்றால் பேரரசர். 'ஃபில்' என்றால் மகன். பேரரசரின் ட்ரிபியூன் (மக்கள் பிரதிநிதி) அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். எத்தனையாவது முறை என்ற எண்ணை வைத்துத்தான் கல்லுக்கு வயது சொல்கிறார்கள். இங்கே செவரஸுக்கு 11.

அவர் பெயரை ஒட்டி 'எம் ஃபில்' என்றும் இருக்கிறது: மார்க்கஸின் மகன். உண்மையில் அவர் இன்றைய லிபியாவிலுள்ள லெப்டிஸ் மாக்னாவில் பிறந்தவர். அப்பாவின் பெயர் கேட்டா. போரிட்டு அரியணை ஏறியவருக்கு ஒரு வம்சம் வேண்டியிருந்தது. 180இலேயே இறந்துபோன பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸுக்கு, 195இல், தன்னைத் தானே மகனாக்கிக்கொண்டார். செத்தவர் மறுக்கவா போகிறார்? சொந்த அப்பாவின் பெயரை மட்டும் இளைய மகனுக்கு வைத்திருந்தார்.

அந்தச் சின்னக் கேட்டாவின் பெயர்தான் நான்காம் வரியில் இருந்தது. 211 பிப்ரவரியில் செவரஸ் இறந்தார். அந்த டிசம்பரிலேயே அண்ணன் காரகல்லா தம்பியைக் கொல்லவைத்தார், அதுவும் தாய் ஜூலியா டோம்னாவின் கண்ணெதிரே. பிறகு பேரரசு முழுக்கக் கேட்டாவின் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். எகிப்தில் பாப்பிரஸ் தாள்களைக்கூட விடவில்லை.

வளைவில் அந்த வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு, 'மிகச் சிறந்த, மிக வீரமிக்க தலைவர்களுக்கு' என்று நிரப்பினார்கள். இடத்தை அடைக்க இதைவிட வசதியான புகழ்ச்சி கிடைக்காது. ஆனால் எழுத்துகள் வெண்கலத்தில் வார்த்தவை. கல்லில் துளை போட்டு முளையடித்துப் பொருத்தியவை. மேற்பரப்பைச் செதுக்கினாலும் ஆழமான துளைகள் அப்படியே தங்கிவிட்டன. வெண்கலம் என்றோ பறிபோனது. புதிய எழுத்துகளோடு ஒட்டாத துளைகளைக் கோத்துப் பார்த்துத்தான் 'கேட்டா' என்ற பெயரை மீட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில், நாணயமாற்றுக்காரர்களும் மாட்டு வணிகர்களும் 204இல் அரச குடும்பத்துக்குக் கட்டிய சிறு வாயில் இருக்கிறது. உள்பக்கச் சிற்பத்தில் செவரஸும் ஜூலியா டோம்னாவும் நிற்கிறார்கள். தாயின் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கல் வெறுமையாகக் கிடக்கிறது.