வண்டிக்குள் வீட்டுக் குளிர்ப்பெட்டி

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் குடியேறி வாழும் நம்மவருள், தோட்ட வேலையையும் கடை வியாபாரத்தையும் விட்டுச் சுற்றுலா வண்டித் தொழிலில் இறங்கியோர் இன்று சிலர் உளர். அதற்குக் காரணமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம், மூணாறு பணிமனையில் பேருந்துக்குள்ளேயே படுக்கைகள் அமைத்து, ஒரு படுக்கைக்கு இரவொன்றுக்கு நூறு ரூபாய் வாடகையில் பிரயாணிகளைத் தங்கவைத்தது. மறு ஆண்டில் மாநில அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-இல் இடுக்கி மாவட்டத்து வாகமணில் அவ்வண்டிகள் தங்குவதற்கென முதற் பூங்கா திறக்கப்பட்டது. படுக்கை, சமையல் மேடை, குளியலறை யாவும் சக்கரத்தின்மேல் அமைந்த இவ்வண்டியில் குளிர்ப்பெட்டியும் ஒன்று இருக்கும். அதைப் பற்றியே இக்கட்டுரை.

நம் சங்க அன்பர் ஒருவர் கடன் பெற்றுப் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். வண்டியில் குறையில்லை, குளிர்ப்பெட்டி மட்டும் இரண்டே மாதத்தில் குளிர மறுத்தது. அதே இனத்துப் பெட்டி வேண்டுமென்று விசாரித்தால், கடல் கடந்து வரவேண்டும் என்றார்கள். சொன்ன விலையோ வீட்டுக் குளிர்ப்பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. சுற்றுலாப் பருவத்தில் விருந்தினருக்குச் சமைப்பதற்காக அவருடைய தாயாரும் உடன் செல்வார். அந்த அம்மையார் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பாலும் மீனும் கெட்டால் நஷ்டத்தோடு போகும். இன்சுலின் கெட்டால் அப்படியா? "வீட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் என்ன?" என்று அன்பர் கேட்டார். வைக்கலாம் என்பதே நம் விடை. ஆனால் பெட்டியின் விலையோடு கணக்கு முடிந்துவிட்டதென்று எண்ணிவிடலாகாது.

முதலில், பழைய பெட்டி ஏன் படுத்தது என்று பார்ப்போம். 1922-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மாணவர் இருவர், பிளாட்டன், முன்டர்ஸ் என்போர், அசையும் உறுப்பு எதுவும் இல்லாத குளிர்ப்பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தனர். 1925-இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. சூடேற்றிக் குளிர்விப்பது என்றால் விந்தையாகத் தோன்றும். ஆயினும் உண்மை அதுவே. அம்மோனியா கலந்த நீரைச் சிறு தீயாலோ மின்சூட்டாலோ கொதிக்கவைத்தால் அம்மோனியா ஆவியாகிப் பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் வாயு நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. பின்னர் நீரில் கரைந்து கொதிகலத்துக்குத் திரும்புகிறது. பம்பு கிடையாது; ஓசை கிடையாது; மின்சாரம் இல்லாத இடத்திலும் சமையல் வாயுவால் இயங்கும். நெடுந்தூரம் செல்லும் வண்டிகளுக்கு இதைத் தேர்ந்தது இக்காரணம் பற்றியே.

இதிலுள்ள சூட்சுமம் யாதெனில், திரவம் தன் எடையால் தானே வடிந்து இறங்கவேண்டும். வண்டி ஓடும்போது ஆடுவதால் தீங்கில்லை. சரிவில் பல மணி நேரம் நிறுத்திவைத்து இயக்கினாலோ, திரவம் ஓரிடத்தில் தேங்கிக் கொதிகலம் வறண்டு காயும். துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த உப்பு உறைந்து குழாயை அடைத்துவிடும். அடைத்தபின் பழுது பார்ப்பது அரிது. மூணாற்றில் சமதளமாக வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை!

தீயின் அபாயமும் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொமெட்டிக் நிறுவனம், கொதிகலக் குழாயில் விரிசல் கண்டு தீப்பற்றக்கூடும் என்ற காரணத்தால், வண்டிகளிலுள்ள 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குளிர்ப்பெட்டிகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு, ஓடும் வண்டிக்குள் வாயுச் சுடர் என்றாலே மனம் துணுக்குறும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று மதுரையில், நிறுத்திவைத்திருந்த சுற்றுலா இரயில் பெட்டியொன்றில் விதியை மீறிக் கொண்டுவந்த வாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். அது குளிர்ப்பெட்டியால் நேர்ந்ததன்று; அடுப்பு மூட்டியதால் நேர்ந்தது. எனினும் அடைபட்ட வண்டிக்குள் வாயு என்ன செய்யும் என்பதை அன்று கண்டோம்.

நிற்க. வீட்டுப் பெட்டி கம்ப்ரெசரால் இயங்குவது. சற்றுச் சாய்ந்து நின்றாலும் குளிரும். தீயும் புகையும் இல்லை. ஆனால் அதற்கு 230 வோல்ட் மின்சாரம் வேண்டும். வண்டியில் இருப்பதோ 12 வோல்ட் பாட்டரி. இடையில் இன்வெர்ட்டர் வரவேண்டும். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள்.

பெட்டியின்மேல் ஒட்டிய நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு 150 யூனிட் என்றிருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 410 வாட்-மணி ஆகிறது. இன்வெர்ட்டரில் ஏற்படும் சேதாரத்தைச் சேர்த்தால் 480. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 15 வாட் தின்னுமாயின், 24 மணி நேரத்தில் 360. ஆகமொத்தம் 840 வாட்-மணி. 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறையுமாதலால், கைக்கு வருவது 900. அதாவது ஒரு முழு பாட்டரி, ஒரே ஒரு நாள்! பெட்டி தின்பதோடு வேலைக்காரனாகிய இன்வெர்ட்டர் தின்பதையும் பார்த்தீர்களா? ஆகவே இன்வெர்ட்டர் வாங்கும்போது, சும்மா இருக்கையில் எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டு வாங்குக. கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேட்க வேண்டும்.

கூரைமேல் 300 வாட் சூரியத் தகடு வைத்தால், நல்ல வெயில் நாளில் இச்செலவு ஈடாகும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பங்குனி வெயிலில் கவலையில்லை. ஆனி, ஆடி மாதங்களில் இடுக்கி மழையில் அதை நம்புவது வீண். வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்து பாட்டரி ஏறவும், தங்குமிடத்தில் மின் இணைப்பு பெறவும் ஏற்பாடு வேண்டும். பழைய மாதிரிக் கம்ப்ரெசர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மெதுவாகக் கிளம்பும் இன்வெர்ட்டர் கம்ப்ரெசர் உள்ள பெட்டியே வண்டிக்கு உகந்தது. மின்சாரம் தரும் இன்வெர்ட்டரும் சைன் அலை வகையாக இருத்தல் நன்று.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. பழைய பெட்டியை எடுக்குமுன் வாயுக் குழாயைத் தகுதியுள்ள வாயு மெக்கானிக் ஒருவரே மூடி முத்திரையிட வேண்டும். பின்புறக் குழாய்களை ஒருபோதும் அறுக்கலாகாது. உள்ளே அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் உள்ளன. வண்டியின் பக்கச் சுவரில் பழைய பெட்டிக்காக விட்ட காற்றுத் துளைகளை மழை புகாதபடி அடைத்துவிட்டு, புதிய பெட்டியைச் சுற்றி இடம் விடவேண்டும். இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் வெப்பம் வெளியேறுவது பக்கத் தகடுகள் வழியாகத்தான். பலகையோடு இறுக அடைத்தால் கம்ப்ரெசர் ஓய்வின்றி ஓடும். அடியிலும் மேலும் பட்டை கொடுத்துச் சட்டத்தோடு முடுக்குவதும், கதவுக்குத் தனியே தாழ் போடுவதும் இன்றியமையாதவை. வீட்டுப் பெட்டியின் கதவு காந்தப் பட்டையால் மட்டுமே ஒட்டியிருப்பது; போடிமெட்டு வளைவுகளில் அது திறந்துகொண்டால் மோர்க்குடம் தரையில். பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே இயக்குக. கம்ப்ரெசர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

வண்டியின் உடலை அறுக்கவோ எடையைக் கூட்டவோ நேர்ந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மனத்திற்கொண்டு, பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

தட்பவெப்பமும் நம் பகுதியில் இரு துருவம். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் சில விடியல்களில் பூஜ்யத்தை ஒட்டும். வெப்ப நாடுகளுக்கென அமைந்த வீட்டுப் பெட்டிகள் 16 முதல் 43 டிகிரி வரையிலான சூழலுக்கு வகுக்கப்பட்டவை. அதற்குக் கீழே குளிர்ந்தால் கம்ப்ரெசர் அரிதாகவே ஓடும். மேலறைப் பனிக்கட்டி உருகத் தொடங்கும். பெட்டி பழுது என்று அப்போது பதற வேண்டியதில்லை.

இன்வெர்ட்டரே வேண்டாத 12 வோல்ட் கம்ப்ரெசர் பெட்டிகளும் கிடைக்கின்றன. அளவு சிறிது, விலை அதிகம்; ஆனால் மேற்சொன்ன 360 வாட்-மணி முழுதும் மிச்சம். இருவர் மட்டும் செல்லும் வண்டிக்கு அதையே நாம் பரிந்துரைப்போம். இரண்டு நாள் பயணமாயின், பனிக்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியே போதும் என்பது நம் கட்சி.

நம் அன்பர் வீட்டுப் பெட்டியையே வைத்தார். இரண்டாவது பாட்டரியும் வாங்கினார். அதன் செலவு பெட்டியின் விலையை நெருங்கிவிட்டது. இரண்டு பருவங்கள் ஓடிவிட்டன. திறக்காத இன்சுலின் குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறைந்துவிட்டால் பயன்படா. ஆதலால் அம்மையார் அவற்றைப் பனியறையை ஒட்டி வையாமல் நடுத்தட்டில், சிறு வெப்பமானி ஒன்றோடு, எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறார். காலையில் வண்டி கிளம்புமுன் அந்த வெப்பமானியைப் பார்ப்பது பேரனின் வேலை.